பூரிக்கட்டை தொடாத நவஹோ ஃப்ரை பிரெட்

அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்களின் பொரித்த ரொட்டிதான் நவஹோ ஃப்ரை பிரெட். அதற்கு வேண்டிய சாமான் மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, வெந்நீர், பொரிக்கக் கொழுப்பு. அவ்வளவுதான். ஈஸ்ட் கிடையாது, முட்டை கிடையாது, ஓவன் வேண்டாம், பூரிக்கட்டையும் வேண்டாம். மசாலாவோ பூரணமோ எதுவும் இல்லாததால், மாவின் பதமோ கொழுப்பின் சூடோ கொஞ்சம் தப்பினாலும் அப்படியே தட்டில் தெரிந்துவிடும்.

நான் இருப்பது வடக்கு அரிசோனாவில், ஃப்ளாக்ஸ்டாஃப் ஊரில். இங்கிருந்து 89ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் அவர்களுடைய தன்னாட்சிப் பகுதியான நவஹோ நேஷன் தொடங்கிவிடும். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் நிலம் அது. தலைநகர் விண்டோ ராக். நவஹோ மக்கள் தங்களைத் தினே என்று சொல்லிக்கொள்வார்கள். சாலையோரக் கடைகளிலும் வாரச் சந்தைகளிலும் ஃப்ரை பிரெட் சுடச்சுடக் கிடைக்கும். வாங்கிச் சாப்பிட்டு ருசி பிடித்துப்போய்த்தான் வீட்டில் செய்ய ஆரம்பித்தேன். செய்து காட்டியவர், என்னோடு வேலை பார்க்கும் ஒருவருடைய அம்மா. டியூபா சிட்டி பக்கம் இருக்கிறார். அவர் எதையும் அளந்து போடுவதில்லை. மாவைக் கையால் அள்ளுவார், பேக்கிங் பவுடரை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார், தண்ணீரைக் கண்மட்டத்தில் ஊற்றுவார். அவர் கையைப் பார்த்துக்கொண்டு வந்து, வீட்டில் தராசில் நிறுத்து, என் அடுப்புக்கு ஏற்ற கணக்கைப் பிடித்தேன். இங்கே எழுதுவது அந்தக் கணக்கும், அதில் எதை மாற்றினால் என்ன ஆகிறது என்று செய்து பார்த்ததும்.

மாவுக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாரம்பரிய உணவு என்று சொன்னாலும் இது ஆதிகாலத்துப் பண்டம் இல்லை. தினே மக்களின் பழைய சாப்பாடு மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி. அப்புறம் ஸ்பானியர்கள் வழியாக வந்த செம்மறி ஆடு. நீல நிறச் சோள மாவில் ஜூனிப்பர் மரத்தின் சாம்பலைக் கொஞ்சம் கரைத்துக் காய்ச்சும் கஞ்சி இன்றைக்கும் வீடுகளில் உண்டு. அந்தச் சாம்பலிலிருந்து உடம்புக்குக் கால்சியம் கிடைக்கிறது. மைதாவும் பன்றிக்கொழுப்பும் அவர்கள் அடுப்படிக்கு வந்தது சிறைப்பட்ட காலத்தில்.

1863இல் கிட் கார்சன் தலைமையில் அமெரிக்க ராணுவம் தினே நாட்டுக்குள் புகுந்து சோளக்கொல்லைகளைக் கொளுத்தியது, மந்தைகளை அழித்தது. கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் அவர்கள் வளர்த்து வைத்திருந்த பீச் மரங்களையும் வெட்டிச் சாய்த்தது. பசி தாங்காமல் சரணடைந்தவர்களை 1864 முதல் கூட்டங்கூட்டமாக நடக்கவைத்து, நியூ மெக்சிகோவின் கிழக்கே பாஸ்கே ரெடோண்டோ என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ 300 மைல், அதாவது 480 கிலோமீட்டர் நடை. போன இடத்தில் பேகோஸ் ஆற்றுத் தண்ணீர் உவர்ப்பு. விதைத்த சோளத்தைப் புழு தின்றது. ராணுவம் கொடுத்த ரேஷனை நம்பித்தான் உயிர் வாழ வேண்டும். அந்த ரேஷனில் வெள்ளை மாவு, உப்பு, பன்றி இறைச்சி, கொழுப்பு, காப்பிக்கொட்டை எல்லாம் இருந்தன. அந்த மாவை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே கரைத்துக் குடித்து வயிறு கெட்டதையும், காப்பிக்கொட்டையை பீன்ஸ் என்று நினைத்து வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டியதையும் தினே முதியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். 1868 ஜூன் 1ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாகி அவர்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பியபோது, பலர் திரும்பி வர உயிரோடு இல்லை. மாவும் கொழுப்பும் மட்டும் கூடவே வந்துவிட்டன. பின்னால் டிரேடிங் போஸ்ட் கடைகளிலும், அரசாங்கம் கொடுத்த இலவச உணவுப் பொருள்களிலும் அதே மாவும் கொழுப்பும்தான் தொடர்ந்து வந்தன.

இதை முன்னாலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த ரொட்டி ஏன் இப்படிச் செய்யப்படுகிறது என்ற கேள்விக்கெல்லாம் பதில் அங்கேதான் இருக்கிறது. ஈஸ்டை வளர்த்துக் காப்பாற்ற வசதி இல்லை. ஓவன் இல்லை. மேசை, பலகை இல்லை. இருந்தது மாவு, கொழுப்பு, ஒரு சட்டி, விறகு, இரண்டு கை. அந்த நிலைமையிலிருந்து உருவான கைவேலை என்பதை மனதில் வைத்துக்கொண்டு செய்தால், சமையலறையில் இருக்கும் மற்ற சாதனங்களைத் தொடத் தோன்றாது. தொடாமல் இருந்தால்தான் ரொட்டியும் சரியாக வரும்.

இனி மாவு. நவஹோ நேஷன் முழுவதும் ஃப்ரை பிரெட்டுக்குப் பேர் போனது ப்ளூ பேர்ட் மாவு. கொலராடோ மாநிலத்தில் கோர்டெஸ் என்ற ஊரிலிருக்கும் ஆலையில் அரைத்து, நீலப் பறவை படம் அச்சிட்ட துணிப்பையில் வரும். மாவு தீர்ந்ததும் பையைத் தூக்கிப் போட மாட்டார்கள். ஏப்ரன், தலையணை உறை, தோள்பை என்று ஏதாவது தைத்துவிடுவார்கள். நவஹோ ஊர்களில் பஷாஸ் கடைக்குப் போனால் அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். ப்ளூ பேர்ட் மாவில் பிசைந்ததைக் கையில் தட்டும்போது கிழியாமல் நீள்கிறது. அமெரிக்காவில் சாதாரணமாகக் கிடைக்கும் ஆல் பர்பஸ் மாவிலும் செய்திருக்கிறேன், நன்றாகவே வந்தது. தட்டும்போது நடுவில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். மைதா வைத்துச் செய்கிறவர்கள் நல்ல இழுவை உள்ள, பரோட்டாவுக்கென்று விற்கும் மாவாக வாங்கிக்கொள்ளுங்கள். கேக் மாவு வேண்டவே வேண்டாம். ஆட்டா கலந்தும் செய்து பார்த்தேன். தவிடு கையில் உரசி மாவு விண்டுபோகிறது. ருசியும் வேறு பக்கம் போய்விடுகிறது.

அளவு: மாவு 500 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், வெந்நீர் 350 மில்லி. பேக்கிங் பவுடர் மட்டும் நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்தது. கடல்மட்டத்தில் இருக்கிறவர்கள் மூன்று டீஸ்பூன் தலைதட்டிப் போடலாம். ஃப்ளாக்ஸ்டாஃப் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் அதே அளவு வாயு அதிகமாக விரியும். மூன்று டீஸ்பூன் போட்டால் குமிழ்கள் பெரிதாகி உடைந்து, ரொட்டி எண்ணெய் குடிக்கிறது. இரண்டேகால் டீஸ்பூன் போதும். விண்டோ ராக்கும் கிட்டத்தட்ட இதே உயரம்தான். ஆகவே இணையத்தில் கிடைக்கும் அளவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதைப் பார்த்தால், எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று பாருங்கள்.

இன்னொன்று, இந்தப் பாலைவனக் காற்றில் மாவு மூட்டையிலேயே காய்ந்துபோய் இருக்கும். கோடையில் 370 மில்லி தண்ணீர்கூட இழுக்கும். காற்றில் ஈரம் இருக்கும் ஊரில் 330 மில்லியில் நிறுத்திவிட்டு மாவைத் தொட்டுப் பார்த்து மேலே ஊற்றுவது நல்லது.

பால் பவுடர் இரண்டு டேபிள்ஸ்பூன் சேர்க்கிறவர்களும் உண்டு. அரசாங்க உணவுப் பொருள்களில் பால் பவுடரும் வந்ததால் பல குடும்பங்களில் அது பழக்கமாகிவிட்டது. சேர்த்தும் சேர்க்காமலும் ஒரே நாளில் பொரித்துப் பார்த்தேன். பால் பவுடர் சேர்த்த ரொட்டி சீக்கிரம் சிவக்கிறது, உள்ளே கொஞ்சம் மிருது. பாலில் இருக்கும் சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து நிறம் கொடுப்பதால் அப்படி. சேர்க்காத ரொட்டியின் மேல்பக்கம் மொறுமொறுப்பு, கோதுமை வாசனை தூக்கலாக இருக்கிறது. எனக்குப் பிடித்தது சேர்க்காததுதான். டியூபா சிட்டி அம்மாவும் சேர்ப்பதில்லை.

தண்ணீரின் சூடு முக்கியம். கை பொறுக்கும் சூடு, அதற்கு மேல் போகக் கூடாது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் மாவின் ஒரு பகுதி அங்கேயே வெந்து இழுவை போய்விடும், பேக்கிங் பவுடரும் பாத்திரத்திலேயே பொங்கி முடிந்துவிடும். பச்சைத்தண்ணீரில் பிசைந்தால் மாவு விறைப்பாக நின்று, தட்டத் தட்டச் சுருங்குகிறது.

அகலமான பாத்திரத்தில் மாவு, உப்பு, பேக்கிங் பவுடரைக் கையால் நன்றாகக் கலந்து, நடுவில் குழி செய்து, முக்கால்வாசி வெந்நீரை ஊற்ற வேண்டும். விரல்களால் குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தால் ஓரத்து மாவு கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே விழும். மீதித் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சேர்த்து, எல்லாம் ஒன்றாகத் திரண்டதும் ஓரங்களை உள்ளே மடித்து மடித்து ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை நிமிடம் பிசைந்தால் போதும். நிறுத்திவிட வேண்டும். பூரிக்கு மாவு பிசைந்து பழகிய கைக்கு இந்த இடத்தில் நிறுத்துவது கஷ்டம். பூரி மாவில் தண்ணீர் மாவின் எடையில் பாதியளவுதான் இருக்கும், கெட்டியாக அடித்துப் பிசைவோம். இதில் பத்துக்கு ஏழு பங்கு தண்ணீர். விரலில் ஒட்டும், பாத்திரத்தில் ஒட்டும், மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது. ஒட்டுகிறதே என்று மாவைத் தூவிக்கொண்டே போகாதீர்கள். உள்ளங்கையில் கொஞ்சம் கொழுப்பைத் தடவிக்கொண்டு மாவை உருட்டி எடுத்து, மேலேயும் தடவி, துணி போட்டு மூடிவிடுங்கள்.

அரை மணி நேரம் ஊற வேண்டும். பிசையும்போது இறுகிய குளூட்டன், அதாவது மாவுக்கு இழுவை தரும் புரதம், தளர்வதற்கு அந்த நேரம் தேவை. பத்து நிமிடத்தில் எடுத்துத் தட்டினால் நீட்டிய மாவு மறுபடி சுருங்கும். ஒரு மணி நேரம் விட்டாலும் பாதகமில்லை. மூன்று, நான்கு மணி நேரம் வெளியே விட்ட மாவில் தட்டுவது சுகமாக இருந்தது, ஆனால் ரொட்டியில் குமிழ் குறைந்துபோனது. டப்பாவில் டபுள் ஆக்டிங் என்று போட்டிருக்கும் பேக்கிங் பவுடர் தண்ணீர் பட்டதும் ஒரு முறையும், சூடு பட்டதும் ஒரு முறையும் வாயு விடும். நேரம் போகப் போக முதல் தடவை வந்த வாயு மாவிலிருந்து கசிந்துவிடுகிறது.

அடுத்தது தட்டுவது. இந்த ரொட்டியில் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயமே இதுதான் என்பது என் அபிப்பிராயம். 500 கிராம் மாவில் எட்டு உருண்டை வரும், ஒவ்வொன்றும் 105 கிராம் போல. உருண்டையைக் கையிலேயே அழுத்தி ஒரு கனமான வட்டமாக்கி, முதலில் கட்டைவிரல்களால் ஓரத்துக்கு ஒரு விரல் உள்ளே தள்ளி அழுத்திக்கொண்டே சுற்றி வர வேண்டும். வட்டம் உள்ளங்கை அளவுக்கு விரிந்ததும் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் மாவு கொஞ்சம் திரும்பி விழ வேண்டும், அப்போதுதான் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நீளும். கையைப் பலமாக அடிக்க வேண்டியதில்லை. மாவு விழுகிற கனத்திலேயே விரிகிறது. விரல்களை விரைப்பாக நீட்டி வைத்தால் மாவில் குழி விழும். கொஞ்சம் வளைத்துத் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த அம்மா தட்டும்போது நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். "விரலைப் பார்க்காதீங்க, சத்தத்தைக் கேளுங்க" என்றார். அவர் சொன்னது செய்யச் செய்யத்தான் புரிந்தது. மாவு கனமாக இருக்கும்போது தட்டும் சத்தம் மொத்தையாக இருக்கும். மெலிய மெலிய அது மாறிச் சன்னமாகும். சன்னமானதும் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் நடுவில் கிழியும்.

முடிவில் வட்டம் 20 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். நடுப்பகுதி மெல்லிசு, ஓரம் விரல் கனம். இந்த ஏற்றத்தாழ்வு வேண்டும் என்றே வைப்பது. பூரிக்கட்டையால் தேய்த்துப் பொரித்தால் என்ன என்று ஒரே மாவில் பாதியைத் தேய்த்தும் பாதியைத் தட்டியும் செய்து பார்த்தேன். தேய்த்தது ஒரே கனமாக இருந்ததால் பூரி மாதிரி மொத்தமாக உப்பி எழுந்தது, ஆறியதும் அமுங்கித் தோலாகிவிட்டது. கட்டை அழுத்தும்போது மாவுக்குள் இருந்த சின்னச் சின்ன வாயுக் குமிழ்களெல்லாம் வெளியே போய்விடுகின்றன. தட்டிய ரொட்டியில் அவை அப்படியே இருப்பதால் அங்கங்கே தனித்தனியாகக் குமிழ் எழும்பி, மேடுகள் மொறுமொறுப்பாகவும் பள்ளங்கள் மிருதுவாகவும் வருகின்றன. கனமான ஓரத்தைப் பிய்த்தால் உள்ளே ரொட்டிக்குரிய பஞ்சு இருக்கும். ஒரே வட்டத்தில் இத்தனை விதம் கிடைப்பது கையால் தட்டினால் மட்டும்தான்.

சில வீடுகளில் நடுவில் விரலால் சின்ன ஓட்டை போடுகிறார்கள். ஓட்டை வழியாகக் கொழுப்பு மேலே வந்து நடுப்பகுதியும் ஒழுங்காக வேகும், ரொட்டி குடையாக உப்பாது, குச்சியை விட்டுத் திருப்பவும் வசதி. மேலே பீன்ஸும் இறைச்சியும் வைக்கப்போகிறோம் என்றால் ஓட்டை வேண்டாம்.

பொரிப்பதற்கு வழக்கமான கொழுப்பு லார்ட், அதாவது பன்றிக்கொழுப்பு. இல்லையென்றால் க்ரிஸ்கோ மாதிரி வெள்ளை ஷார்ட்டனிங், அதாவது வனஸ்பதி போன்ற தாவரக் கொழுப்பு. கனமான வார்ப்பிரும்பு வாணலிதான் சரி. மெல்லிய வாணலியில் ரொட்டியைப் போட்டதும் சூடு சட்டென்று இறங்கிவிடுகிறது, மறுபடி ஏற நேரம் எடுக்கிறது. என்னிடம் இருப்பது 25 சென்டிமீட்டர் வாணலி. அதில் இரண்டு பவுண்டு லார்ட் உருகினால் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அது போதும். ரொட்டி மிதக்க வேண்டும், மூழ்கத் தேவையில்லை. வாணலியில் பாதிக்கு மேல் கொழுப்பு இருந்தால் ரொட்டி போடும்போது வெளியே பொங்கும் அபாயம் உண்டு. பக்கத்திலேயே பொருந்தும் மூடி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்தால் அதை மூடி அடுப்பை அணைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

லார்ட், ஷார்ட்டனிங், சூரியகாந்தி எண்ணெய் மூன்றிலும் பொரித்திருக்கிறேன். லார்டில் பொரித்தது ஆறிய பிறகும் மொறுமொறுப்பு குறையாமல் இருந்தது, லேசான இறைச்சி மணம் ஆட்டிறைச்சிக் குழம்போடு அருமையாகப் பொருந்துகிறது. ஷார்ட்டனிங்கில் மணம் எதுவும் இல்லை, மொறுமொறுப்பு ஏறக்குறைய அதே. சூரியகாந்தி எண்ணெயில் சுடச்சுட நன்றாக இருக்கிறது, ஆறினால் கையில் எண்ணெய் ஒட்டுகிறது. அறை வெப்பத்தில் உறையும் கொழுப்பு ரொட்டியின் மேல் உறைந்துவிடுகிறது. எண்ணெய் உறைவதில்லை, வித்தியாசம் அதுதான். சைவக்காரர்கள் எண்ணெயில் செய்துவிட்டு உடனே சாப்பிட்டுவிடுங்கள்.

சூடு கடல்மட்டத்தில் 185 டிகிரி செல்சியஸ், இங்கே 175. உயரமான ஊரில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது. ஃப்ளாக்ஸ்டாஃபில் 93 டிகிரியில் கொதிக்கும். அதனால் மாவுக்குள் இருக்கும் ஈரமும் அந்தச் சூட்டுக்கு மேல் ஏறாமல் ஆவியாகிறது, உள்ளே வேக நேரம் பிடிக்கிறது. 185இல் பொரித்தால் உள்ளே வேகுமுன் மேலே கறுக்கிறது. 160இல் போட்டால் வேறு பிரச்சினை. நிறம் வருவதற்குள் ரொட்டி கொழுப்பைக் குடித்துக் கனத்துவிடுகிறது. லார்ட் 190 டிகிரி பக்கத்தில் புகையத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் மாவில் சுண்டுவிரல் நகம் அளவு கிள்ளிப் போட்டுப் பாருங்கள். அடியில் போன உடனே மேலே வந்து சுற்றிலும் நுரை கட்டினால் பதம் சரி. அடியில் தங்கினால் இன்னும் சூடு வேண்டும். போட்ட உடனே சிவந்தால் அடுப்பைக் குறைக்க வேண்டும்.

ரொட்டியை நம்மை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக விட வேண்டும். போட்டதும் சூடு பத்துப் பதினைந்து டிகிரி இறங்கும், அப்போது அடுப்பைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். சில விநாடிகளில் மேலே குமிழ்கள் எழும்பும். குத்தி உடைக்க வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். ஓரத்தில் பொன்னிறம் ஏறியதும், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில், நீளமான முள்கரண்டியால் ஓரத்தில் குத்தித் திருப்ப வேண்டும். ஒரே ஒரு முறை திருப்பினால் போதும். மறுபக்கம் முக்கால் நிமிடம். எடுத்ததும் செங்குத்தாகப் பிடித்து ஓரத்தை வாணலி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் கொழுப்பு வடிந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்கினால் ஆவியில் நமுத்துப்போகும். நான் ஒரு பெரிய கிண்ணத்தில் காகிதம் விரித்து ஓரமாகச் சாய்த்து நிற்க வைக்கிறேன்.

திறந்த வெளியில் ஜூனிப்பர் விறகில் பொரித்ததைச் சாப்பிட்ட பிறகு வீட்டு அடுப்பில் செய்வது ஒரு படி கீழேதான் தெரியும். அந்தப் புகை மணத்தை வீட்டுக்குள் கொண்டுவர நான் எந்த வழியும் தேடவில்லை. அது வெளியே விறகடுப்பில் இருக்க வேண்டியது.

எதோடு சாப்பிடுவது? சுற்றுலா வருகிறவர்கள் கேட்டு வாங்குவது நவஹோ டாக்கோ. ரொட்டியின் மேல் பின்டோ பீன்ஸ், கொத்துக்கறி, அதற்கு மேல் லெட்டூஸ், தக்காளி, சீஸ். 89ஆம் நெடுஞ்சாலையோரம் இருக்கும் கேமரன் டிரேடிங் போஸ்டில் ஒன்று வாங்கினால் இரண்டு பேர் சாப்பிடலாம். வீட்டில் நான் பெரும்பாலும் செய்வது ஆட்டிறைச்சி ஸ்டூ. எலும்போடு வெட்டிய செம்மறி இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், செலரி, வெங்காயம், உப்பு, தண்ணீர். மிளகாய்த்தூள், மல்லித்தூள் எதுவும் போடாமல் குறைந்த தீயில் மூன்று மணி நேரம். நம் நாக்குக்கு முதலில் சப்பென்று தோன்றும். நல்ல செம்மறி இறைச்சி கிடைத்தால் அந்தக் கொழுப்பின் ருசியே போதுமென்று ஆகிவிடும். சுட்ட ஆட்டிறைச்சித் துண்டும் சுட்ட பச்சை மிளகாயும் ரொட்டிக்குள் வைத்து மடித்துத் தருவது சந்தைகளில் கிடைக்கும் இன்னொரு வகை. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அதுதான். இனிப்பு வேண்டுமென்றால் தேன் அல்லது பொடிச் சர்க்கரை, குழந்தைகளுக்கு அதுவே போதும்.

இந்த ரொட்டியைப் பற்றிப் பூர்வகுடி மக்களுக்குள்ளேயே பெரிய விவாதம் இருக்கிறது. 2005இல் தெற்கு டகோட்டா மாநிலம் ஃப்ரை பிரெட்டை அதிகாரபூர்வ மாநில ரொட்டியாக அறிவித்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் செயற்பாட்டாளரும் எழுத்தாளருமான சூசன் ஷோன் ஹார்ஜோ, பூர்வகுடி மக்கள் ஃப்ரை பிரெட்டை விட்டுவிட வேண்டும் என்று கடுமையாக எழுதினார். சர்க்கரை நோயும் உடல் பருமனும் அந்த மக்களை எப்படி வாட்டுகின்றன என்று தெரிந்தவர்கள் அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. நவஹோ நேஷனே 2014இல் சத்தில்லாத நொறுக்குத்தீனிக்கும் சர்க்கரைப் பானங்களுக்கும் 2 சதவீதம் கூடுதல் வரி போட்டுச் சட்டம் இயற்றியது. இன்னொரு பக்கம், கல்யாணம், சடங்கு, திருவிழா, வீட்டுக்கு ஆள் வந்தால், ஒருவர் இறந்துபோனால் என்று எல்லாவற்றுக்கும் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து தட்டும் ரொட்டி இது. பறிகொடுத்தவர்கள் கையில் கிடைத்ததை வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றிய உணவு என்று பெருமையோடு சொல்கிறவர்களும் அதே மக்கள்தான். இதில் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் வீட்டில் ஆள் வரும் நாளுக்கு மட்டும் செய்கிறேன், ஒருவருக்கு ஒன்று. தட்டில் வைக்கும்போது பாஸ்கே ரெடோண்டோவைப் பற்றியும் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் புதுவிதப் பூரி என்று பரிமாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மிஞ்சிய மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்தால் மறுநாள் வரைக்கும் தாங்கும். ஆனால் அதைப் பொரிக்க வேண்டாம், குமிழ் வராது. அதையே சற்றுக் கனமாகத் தட்டி, காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் இரண்டு பக்கமும் அங்கங்கே கறுப்புப் புள்ளி விழும்வரை சுட்டால் தினே வீடுகளில் தினப்படி சாப்பிடும் டார்ட்டியா என்ற கனமான ரொட்டி கிடைக்கும். மாவு ஒன்றே, கொழுப்பு மட்டும் இல்லை. ஸ்டூ மிஞ்சியிருந்தால் காலையில் அதோடு சாப்பிடலாம். பொரித்த ரொட்டி மிஞ்சினால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ரப்பராகிவிடும். அதையும் அதே காய்ந்த கல்லில் போட்டு மூடாமல் சூடாக்குங்கள். வாணலியில் இருக்கும் லார்டைக் கொஞ்சம் ஆறவிட்டு, இன்னும் இளக்கமாக இருக்கும்போதே மெல்லிய துணியில் வடிகட்டி ஜாடியில் ஊற்றி வையுங்கள். அடியில் தங்கிய மாவுத்தூள்தான் அடுத்த முறை கருகி வாடை அடிக்கும், அது போய்விட்டால் இன்னும் இரண்டு மூன்று முறைக்குத் தாராளமாக வரும்.